கிரேன்காரர் விட்ட பட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை பாசிர் ரிஸ் கடற்கரையில் என் பேத்தி ஒரு பட்டம் ஏற்றினாள். பட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எட்டுக் கால் தொங்கும் ஏதோ ஒரு கடல் ஜந்து, பளபளவென்று பிளாஸ்டிக்கில். கடையிலேயே கைப்பிடியும் நைலான் நூலும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது மேலே போன கையோடு அவளுக்குப் போன் வந்துவிட்டது. “பாட்டி, கொஞ்சம் ஹோல்ட் பண்ணுங்க லா, டூ மினிட்ஸ்” என்று கைப்பிடியை என்னிடம் திணித்துவிட்டு மரத்தடிக்குப் போனாள். இரண்டு நிமிடம் இருபது நிமிடமானது. எனக்கு அதில் வருத்தமே இல்லை, அவள் இன்னும் அரை மணி நேரம் பேசியிருக்கலாம்.

நூல் விரலைச் சுண்டியது. எத்தனை வருடமாயிற்று அந்தச் சுண்டுதலை உணர்ந்து! என்னையறியாமல் என் வாயிலிருந்து ஒரு கத்தல் வந்தது: “ஆரியா!” பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த சீனப் பெண்மணி நின்று திரும்பிப் பார்த்தாள். கிழவிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் வசந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் எங்களை ‘வசந்த காலம்’ என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். சிங்கப்பூரில் ஏது வசந்தம்? மழைக்காலம், அதை விட்டால் இன்னும் கொஞ்சம் மழைக்காலம். நானும் தென்றல், மாந்தளிர், குயில் என்று பாட்டியம்மா மாதிரி எழுதிக் கொடுப்பேன். மாந்தளிரை நான் கண்ணால் பார்த்ததில்லை. வாத்தியாரும் பார்த்திருக்க மாட்டார், அதனால் தாராளமாக மதிப்பெண் போட்டார்.

ஆனால் எங்களுக்கும் ஒரு வசந்தம் இருந்தது. சீனப் புத்தாண்டு முடிந்து, சாக்கடையோரமெல்லாம் பட்டாசின் சிவப்புத் தாள் ஒதுங்கிக் கிடக்கும் நாட்களில் வடகிழக்கிலிருந்து ஒரு வறண்ட காற்று வரும். மழை கண்ணில் படாது. காயப்போட்ட துணி அரை மணியில் மொடமொடத்துவிடும். பின்னாளில் நான் வாழவந்த தெருப்பக்கத்து ஃபேரர் பார்க் திடலில் புல் பழுத்துப் போகும். திடீரென்று ஒருநாள் ஒரு பாட்டம் மழை பெய்து, அடுத்த சில நாட்களில் சாலையோர அங்சானா மரங்கள் எல்லாம் சொல்லிவைத்ததுபோல் பூத்துக் கொட்டும். மறுநாள் காலையில் சாலை மஞ்சள். பட்டாசு மருந்தின் மிச்ச வாசனையும், அந்தப் பூவின் தேன் வாசனையும், தேக்கா சந்தை மீன் வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு அது வசந்தம். அதுதான் பட்டக் காலமும்.

நான் வளர்ந்தது செம்பவாங்கில், நேவல் பேஸ் என்ற கடற்படைத் தளக் குடியிருப்பில். அப்பா அங்கே வேலை. எனக்கு நான்கு அண்ணன்மார். நான்கு பேர் பட்டத்தையும் அறுத்தவள் நான். தற்பெருமை என்றுதான் நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதில் நான் பெரியவளானதும் அம்மா என் நூற்கண்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். “சமைஞ்ச புள்ளைக்கு ஆகாசத்துல என்னடி வேலை?” என்றார். கண்டு சாம்பலாயிற்று. கை மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி பஃபலோ ரோட்டுக்கு வந்தேன். கீழே வேறொருவரின் மளிகைக்கடை, மேலே நாங்கள். என் வீட்டுக்காரர், நான், மாமனார், மூன்றே பேர். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார். அவர் அஸ்தியைச் சாங்கிக் கடலில் கரைத்திருந்தார்கள்.

மாமா எழுபதைத் தொட்டவர். முப்பது வருடத்துக்கு மேல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஆபரேஷன் என்றாலே, “கண்ணத் தோண்டிருவானுங்க” என்று தலையைத் திருப்பிக்கொள்வார். காலையில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவார். ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுவார். சரி, போதும், வேணாம்.

அவரை எனக்கு எப்போது பிடித்துப்போனது என்று சரியாகச் சொல்ல முடியும். வந்த முதல் வாரம் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று. மாமாவோ சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டார். தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, “இன்னும் ஒரு கரண்டி ஊத்து ஆயி” என்றார். அன்றைக்கு அவர் குடித்த தண்ணீரை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு என்னவோ செய்கிறது. அந்த வீட்டில் என்னை ‘ஆயி’ என்று மகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

அந்த மனிதரை ஊருக்கு அனுப்ப முடிவாகியிருந்தது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் கணவரின் அண்ணன் கடிதம் எழுதியிருந்தார். அப்பா கடைசிக் காலத்தில் சொந்த மண்ணில் இருக்கட்டும், அனுப்பிவை என்று. அந்தக் காலத்தில் அது ஊரறிந்த வழக்கம். வேலை முடிந்த பெரியவர்களை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றுகிற பிள்ளைகளும் அழுதுகொண்டுதான் ஏற்றுவார்கள். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பங்குனி உத்திரம் கழித்துப் புறப்படும் கப்பலில் இடம் சொல்லிவிட்டு வந்து, “அப்பா ஆசைப்பட்டதுதானே. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து ஊருக்குப் போயிடணும், ஊருக்குப் போயிடணும்னு சொல்லிக்கிட்டுத்தானே இருந்தாரு” என்றார். மாமா “சரி” என்றார். அன்றைய மூன்று வார்த்தையில் ஒன்று அப்படிச் செலவானது. சிராங்கூன் ரோட்டுக் கடையிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி வந்தது. மூடியின் மேல் வெள்ளைச் சாயத்தில் மாமாவின் பெயர், அதற்குக் கீழே நாகப்பட்டினம். அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே அதை வைத்தார்கள். வேறு இடமில்லை.

பெட்டி வந்த மூன்றாம் நாள். நான் அடுக்களையில் இருந்தேன். “ஆயி, இங்க வா, மேல எதுவோ இழுக்குது” என்று மாமாவின் குரல். மூன்று வார்த்தைக்கு மேல் போய்விட்டதே என்று பதறி ஓடினேன். திடலில் எவருடைய பட்டமோ அறுந்து, எங்கள் கூரைக்கு மேலே மிதந்து வந்திருக்கிறது. தொங்கிய நூல் ஜன்னல் கதவில் சிக்கி, அவர் கைமேல் விழுந்திருக்கிறது. அவருக்குப் பட்டம் தெரியவில்லை, வானமே அவருக்கு வெள்ளைப் புகைதான். நூலை மட்டும் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“பட்டம் மாமா. பச்சைப் பட்டம். நல்ல ஒசரத்துல நிக்குது.”

“ரொம்பக் கம்மி லோடு” என்றார். நூலை லேசாக இழுத்துப் பார்த்து, “ஆனா உசிரு இருக்கு” என்றார்.

ஒரு மணி நேரம் அவர் நூலை விடவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் அவரை ஃபேரர் பார்க் திடலுக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனேன். அக்கம்பக்கத்துப் பெண்கள், “மாமனாரக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறா, தங்கமான பொண்ணு” என்றார்கள். தங்கமாவது ஒன்றாவது! முந்தானைக்குள் பட்டத்தையும் கூடையில் நூற்கண்டையும் மறைத்துக்கொண்டு போனேன். மாமாவுக்காக எத்தனை பங்கு, என் கை அரிப்புக்காக எத்தனை பங்கு என்று கேட்காதீர்கள். புதுப்பெண் திடலில் நின்று பட்டம் விட்டால் ஊர் சிரிக்கும். கிழவர் விட, மருமகள் பக்கத்தில் நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

திடலில் அந்தப் பருவத்துக்கு ராஜா ஒரு மலாய்ப் பெரியவர். பாக் ஹாஜி என்பார்கள். வெள்ளைத் தொப்பி, கட்டம்போட்ட சாரோங், சிவப்புப் பட்டம். மாமா வயதுதான் இருக்கும். வானத்தில் ஏறும் பட்டத்தையெல்லாம் அறுத்துவிட்டு, அறுபட்டவனைப் பார்த்து “சாயாங், சாயாங்” என்று ஐயோ பாவம் சொல்வார். அதுதான் எரிச்சலாக இருக்கும். எங்களுடையதை முதல் நாளே அறுத்தார். இரண்டாம் நாளும் அறுத்தார்.

தோற்றது என்னால்தான். மாமாவுக்குக் கண் தெரியாததால் நான் வாயால் சொல்ல, அவர் கையால் செய்ய வேண்டும். நானோ, “இழுங்க மாமா, ஐயோ விடுங்க மாமா, இல்ல இல்ல, இந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துக்குங்க மாமா” என்று தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். பாட்டு முடிவதற்குள் பட்டம் போய்விட்டது. மாமா வெறும் நூலைச் சுற்றிக்கொண்டே, அந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து கேட்டிராத நீளத்துக்குப் பேசினார்.

“ஆயி, கிரேன்காரனுக்குக் கப்பல் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. மேல உக்காந்திருப்பான். ஓட்டை வாயில ஒருத்தன் நின்னு சத்தம் குடுப்பான். இறக்கணும்னா ஆரியா, ஏத்தணும்னா தூக்கு. அவ்வளவுதான். அவன் சொன்னா செய்யணும். கேப்டனே வந்து வேற சொன்னாலும் கேக்கக் கூடாது. ஒரு கப்பலுக்கு ஒரு ஆளுதான் கத்தணும். ரெண்டு பேரு கத்தினா யாராச்சும் சாவான். முப்பது வருசமா நான் பாக்காமத்தான் தூக்குனேன். இப்ப என்ன புதுசா?”

“மாமா, உங்களப் போயி எப்படித் தூக்குன்னு…”

“கிரேன்காரன்கிட்ட எவன் ‘ங்க’ போட்டான்? சொல்லு.”

சொன்னேன். நூலை விட ஆரியா, இழுக்கத் தூக்கு. முதலில் வாய் கூசியது. பிறகு பழகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே பழகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் பின்னால் சொல்வார்.

அப்புறம் நூல். பழைய மின்சார பல்பை பால்டின்னில் போட்டு, பின்சந்தில் உட்கார்ந்து மாவாக இடித்தேன். கஞ்சியும் பசையும் சேர்த்துக் காய்ச்சி, கண்ணாடித் தூளைக் கலந்து, இரண்டு தூணுக்கு நடுவே நூலைக் கட்டித் தடவினேன். சென்னையில் இதை மாஞ்சா என்பார்களாம், எங்களுக்குக் கண்ணாடி நூல். விரலெல்லாம் கீறல். வீட்டுக்காரர் கேட்டதற்கு மீன் செதில் கிழித்தது என்றேன். “தினமும் கிழிக்குதே, அது என்ன மீனு?” என்றார். ஆனால் ஒரு விஷயத்தை அவரும் கவனித்தார். அப்பா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுகிறார். ராத்திரி நன்றாகத் தூங்குகிறார். “ஊருக்குப் போற சந்தோசம் போல” என்றார் பாவம். சந்தோசம் ஊருக்கில்லை, பட்டத்துக்கு என்று சொல்ல வந்தேன். விழுங்கிக்கொண்டேன். மாமாவே வாய் திறக்காதபோது வந்து ஆறு மாதமான மருமகள் என்ன சொல்ல முடியும்?

திடலில் நான் ஒரு வாரம் பட்டத்தைப் பார்க்காமல் பாக் ஹாஜியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி நூலில் ஒரு விதி உண்டு. நிற்கிற நூலை ஓடுகிற நூல் அறுக்கும். ஹாஜி நூலைச் சரசரவென்று விட்டுக்கொண்டே போவார். பிறகு திடீரென்று இழுப்பார். ஆனால் இழுப்பதற்கு முன் கை மாற்றுவார், வயதல்லவா. அந்த ஒரு கணம் அவர் நூல் நிற்கும். அண்ணன்மார் நால்வரும் அப்படித்தான் என்னிடம் பட்டத்தை இழந்தார்கள்.

கப்பலுக்கு ஆறு நாள் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், காற்று கொண்டாட்டமாக அடித்தது. மாமாவின் விரல்களில் துணி சுற்றிவிட்டேன். எங்கள் பட்டம் மஞ்சள், அங்சானா நிறத்தில் நானே ஒட்டியது. அது ஏறியதும் சிவப்புப் பட்டம் எங்களை நோக்கி வந்தது. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

“இடது பக்கம் வர்றாரு. வர்றாரு. தொட்டுட்டாரு. ஆரியா!”

மாமா விட்டார். கண்டு துள்ளியது. ஹாஜியும் விட்டார். இரண்டு பட்டமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தேக்கா சந்தைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. “ஆரியா! ஆரியா!” என்று நான் கத்துகிறேன். சுற்றி மலாய்க்காரர், சீனர், சர்தார்ஜி எல்லோரும் கூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து என் பின்னாலிருந்து ஒரு குரல்.

“அப்பா! என்னப்பா இது? விடுங்கப்பா, கை அறுந்துரும்! விடுங்க!”

என் வீட்டுக்காரர். கப்பலுக்கு அம்மை ஊசி போட்ட சீட்டு வேண்டும், அதற்காக அப்பாவை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போக வந்து, வீடு பூட்டியிருக்கவே, யாரோ சொல்லித் திடலுக்கு வந்திருக்கிறார். ஓடி வந்து மாமாவின் தோளைப் பிடித்தார். என் கண் ஹாஜியின் கையில்தான் இருந்தது. அது நகர்ந்தது. கை மாற்றப் போகிறார். புருஷன் பக்கத்தில் நிற்கிறார், ஊரே பார்க்கிறது, ஒரு மூச்சு நேரம்தான் எனக்கு.

“தூக்கு!” என்று அலறினேன்.

“விடுங்கப்பா!” என்று அவர் கத்துகிறார்.

மாமா மகனின் கையைத் தோளால் உதறினார். “சும்மா இருடா! எனக்கு ஆளு இருக்கு!” என்று சொல்லிக்கொண்டே இழுத்தார் பாருங்கள், முப்பது வருடம் இரும்பையும் ரப்பர் மூட்டையையும் தூக்கிய கை. கைக்கு மேல் கை போட்டு, ஒரு பிசிறு இல்லாமல், நூல் பாடிக்கொண்டே இறங்கியது. மேலே சிவப்புப் பட்டம் ஒரு தடவை தலையை ஆட்டியது. பிறகு சாவகாசமாகச் சாய்ந்து கூரைகளுக்கு அந்தப் பக்கம் போயிற்று.

திடல் “ஹோ” என்று கத்தியது. மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. “என்ன ஆச்சு? ஆயி, என்ன ஆச்சு?” என்று நாலா பக்கமும் முகத்தைத் திருப்புகிறார்.

“அறுந்துருச்சு மாமா! அவரோடது! ஹாஜியோடது!”

எழுபது வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்ததை நான் பார்த்தேன். நானும் குதித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு இதை மறைப்பானேன்? பாக் ஹாஜி எங்களிடம் நடந்து வந்தார். மாமாவின் கண்ணை உற்றுப் பார்த்தார். மாமாவுக்குப் பார்வை இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மாமாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, அதைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, “பாகுஸ், பாகுஸ்” என்று மெச்சினார். பிறகு விரலை ஆட்டி, “பெசோக் டாத்தாங் லகி!” என்றார். நாளைக்கு மறுபடி வா என்று அர்த்தம்.

“டாத்தாங், டாத்தாங்” என்றார் மாமா. வருகிறேன், வருகிறேன்.

என் வீட்டுக்காரர் மெதுவாக, “நாளைக்கு சாமான் கட்டணும்பா. கப்பலுக்கு ஆறு நாள்தான் இருக்கு” என்றார்.

மாமா நூலைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. “ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்டா. நான் போகல.”

“நீங்கதானேப்பா இத்தன வருசமா ஊருக்குப் போயிடணும், போயிடணும்னு…”

“துறைமுகத்துல எல்லாருந்தான் சொல்லுவான். காலையில கோப்பி குடிக்கிறப்ப ஒருத்தன் சொல்லுவான், நானும் சொல்லுவேன். சொன்னவன் எல்லாம் போயிட்டானா? நீ என்னடான்னா பொட்டி வாங்கிட்டு வந்துட்ட.” கொஞ்ச நேரம் சுற்றினார். “ஒங்க அம்மா இங்க சாங்கில இருக்கா. நான் அங்க போயி யாரு கூடப் பேசிக்கிட்டு இருக்கிறது?”

என் வீட்டுக்காரர் அந்தத் திடலில், அத்தனை பேருக்கு நடுவில், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். “ஏம்ப்பா சொல்லல?” என்று கேட்டார். “நீ கேக்கலியேடா” என்றார் மாமா. அது உண்மைதான். ஆசைப்படுகிறார் என்று மகன் நினைத்தார். அனுப்ப விரும்புகிறார்கள் என்று அப்பா நினைத்தார். ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று கவனமாக இருந்தே ஒரு மனிதரை நாடு கடத்தியிருப்போம். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்துக்கு ஈடாக இந்த எண்பத்து நான்கு வருடத்தில் சிலவற்றைத்தான் சொல்ல முடியும். திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எங்க அப்பாவப் பாத்துத் தூக்குன்னா சொன்ன?”

மறுநாள் ஹாஜி எங்கள் மஞ்சள் பட்டத்தை அறுத்துப் பழி தீர்த்துக்கொண்டார். அதற்கு மறுநாள் நாங்கள். கப்பல் புறப்பட்ட நாளன்றும் மாமா திடலில்தான் நின்றார். துறைமுகப் பக்கமிருந்து சங்கு கேட்டதாகச் சொல்லி, “போயிட்டு வா” என்று கையை ஆட்டினார். அத்தனை தூரம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு ஏழு வசந்தம் எங்களோடு இருந்தார். தைரியம் வந்து கண் ஆபரேஷனும் செய்துகொண்டார். தடிமனான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதன்முதலாகப் பட்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இத்தனூண்டுதானா?” என்று ஏமாந்துபோனார். பார்வை வந்த பிறகு அவர் அவ்வளவாக ஜெயிக்கவில்லை. என் பேச்சைக் கேட்காமல் தானே பார்த்து விட ஆரம்பித்ததுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்வேன். அறுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனியில் அவரையும் சாங்கியில் கரைத்தோம். சாலை முழுக்க மஞ்சளாக இருந்தது. பாக் ஹாஜியும் வந்திருந்தார்.

இப்போது கண்ணாடி நூல் கிடையாது. பல்பு இடித்த பின்சந்தும் இல்லை. கப்பல் வயிற்றின் வாயில் நின்று ஆரியா சொல்பவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நாகப்பட்டினம் கப்பல் எப்போதோ நின்றுபோனது. பச்சைப் பெட்டி மட்டும் தெம்பனிஸில் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டில், என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. மாமா இருந்தவரை அதில் பட்டம் வைத்திருந்தோம். இப்போது கொள்ளுப்பேரனின் பழைய பொம்மைகள். நாகப்பட்டினம் என்ற எழுத்து பாதி அழிந்துவிட்டது.

இன்னொன்றும் காணாமல் போய்விட்டது. ‘ஊருக்குப் போயிடணும்’ என்று இங்கே இப்போது யாரும் சொல்வதில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே தினமும் காலையில் கோப்பியோடு உட்காரும் கிழவர்களும் கிழவிகளும் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்கிறார்கள், விலைவாசியைத் திட்டுகிறார்கள், இதைச் சொல்வதில்லை. அன்றைக்குப் பாசிர் ரிஸில் பேத்தி திரும்பி வந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டு, “பாட்டி, லேட்டாயிடுச்சு, ஊருக்குப் போலாமா?” என்று வேண்டுமென்றே என் பழைய கதைகளில் வருகிறவர்களைப்போலப் பேசிக் கேலி செய்தாள். சரி என்றேன். தெம்பனிஸுக்குப் பஸ் ஏறினோம்.